மினிஜாக் சால்மன்: பொரிப்பகத்தில் எண்ணுவதும் குறைப்பதும்

வடமேற்கு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் வசந்தகால சினூக் சால்மன் வளர்க்கும் பொரிப்பகங்கள், ஆண்டுதோறும் மார்ச் முதல் மே வரை லட்சக்கணக்கான குஞ்சுகளை ஆற்றில் விடுகின்றன. அவை கடலுக்குப் போய், இரண்டு மூன்று ஆண்டு மேய்ந்து, பெரிய மீனாகத் திரும்பி வரவேண்டும். ஆனால் ஆண் குஞ்சுகளில் கணிசமான பங்கு கடலை எட்டிப் பார்ப்பதே இல்லை. விட்ட அதே ஆண்டின் செப்டம்பரில், ஒரு சாணுக்கும் குறைந்த உடம்போடு, விந்து முதிர்ந்து ஆற்றிலேயே நிற்கும். இவற்றுக்கு மினிஜாக் என்று பெயர்.

வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா ஆற்றின் மேற்பகுதியில் க்ளீ எலம் பொரிப்பகம் இருக்கிறது. யாக்கமா பழங்குடியினர் நடத்துவது. ஆற்றில் குறைந்துபோன மீனினத்தைப் பெருக்குவதுதான் அதன் நோக்கம். அங்கே டான் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குஞ்சுகளில் 37 முதல் 49 சதவீதம் வரை மினிஜாக்காக முதிர்வது தெரியவந்தது. பிறகு படுகையின் மற்றப் பொரிப்பகங்களையும் பார்த்தார்கள். சில இடங்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, சில இடங்களில் பாதிக்கும் மேல். ஒரே இனம், ஒரே படுகை, ஆனாலும் இவ்வளவு வேறுபாடு. அப்படியானால் வளர்க்கும் முறையில் நாம் மாற்றக்கூடியது நிறைய இருக்கிறது என்று பொருள்.

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். முட்டையில் விந்து கலந்த ஆண்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவது வழக்கம். 2020 செப்டம்பரில் கருவுற்ற முட்டை, குளிர்காலத்தில் பொரிந்து, 2021 மார்ச் வாக்கில் தீவனம் எடுக்கத் தொடங்கும். 2022 இளவேனிலில் ஆற்றில் விடப்படும். இந்தக் கூட்டத்தில் 2021 செப்டம்பரில், தொட்டியில் இருக்கும்போதே முதிரும் ஆண் மைக்ரோஜாக். 2022 செப்டம்பரில் முதிர்வது மினிஜாக். ஓராண்டு கடலில் இருந்துவிட்டு 2023இல் திரும்புவது ஜாக். 2024, 2025இல் வருபவை முழு வளர்ச்சி பெற்ற மீன்கள். ஜாக்கையும் மினிஜாக்கையும் ஒரே பெயரில் குழப்பி எழுதினால் தரவு வீணாகும். ஏட்டில் எப்போதும் வயதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆற்றிலேயே பிறந்த ஆண்களிலும் ஒரு சிறு பங்கு இப்படி முதிரும். அது சால்மனின் பழைய வழி, அதை நோய் என்று நினைக்கவேண்டாம். பொரிப்பகம் அந்த வழியை அளவுக்கு மீறிப் பெருக்கிவிடுவதே சிக்கல்.

எண்ணுவது எப்படி

மாதிரி எடுக்கச் சரியான நேரம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. தொட்டியின் கதவைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். திறந்துவிட்டால் கடலுக்குப் போகும் பக்குவத்தில் உள்ளவை முதலில் கிளம்பிவிடும். முதிரும் ஆண்கள் பின்தங்கும். மிச்சம் இருப்பதில் எடுக்கும் மாதிரி வீதத்தைக் கூட்டிக் காட்டும்.

எத்தனை மீன் தேவை என்று கேட்டால், 300 என்பது நியாயமான தொடக்கம். அதில் ஏறக்குறைய 150 ஆண். உண்மையான வீதம் 40 சதவீதம் என்றால், 150 ஆணில் கிடைக்கும் விடை 8 புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். 100 மீன் மட்டும் எடுத்தால் ஆண் 50தான் இருக்கும், பிழை 14 புள்ளி வரை போகும். இரண்டு தீவன முறைகளை ஒப்பிட நினைப்பவர் 100 மீனை நம்பி முடிவெடுக்கக்கூடாது. 600 எடுத்தால் பிழை 5 அல்லது 6 புள்ளிக்குள் வரும்.

ஒரே தொட்டியில் 300ஐயும் அள்ளவேண்டாம். ஆறு தொட்டியில் ஐம்பது ஐம்பதாக எடுங்கள். தள்ளு சட்டத்தால் மீனை ஒரு முனைக்கு நெருக்கி, மேலும் கீழும் நடுவிலும் வலை போடுங்கள். நெருக்காமல் கைவலையை வீசினால், தீவனத்துக்கு முந்திவரும் பெரிய மீன்தான் அதிகம் விழும். முதிரும் ஆண்கள் பெரும்பாலும் பெரியவை என்பதால், அங்கேயே கணக்கு கோணலாகிவிடும்.

முந்தைய நாள் தீவனத்தை நிறுத்துங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் எம்.எஸ்.222 என்ற மீன் மயக்க மருந்தைக் கரைத்து, அதே எடை சமையல் சோடாவும் சேர்த்த நீரில் மீனை விடுங்கள். சோடா சேர்க்காவிட்டால் நீர் புளித்து, மீன் துடித்து, ரத்த அளவீடுகளும் கெடும். செவுள் அசைவு நின்று சில நிமிடம் ஆன பிறகே வெளியே எடுங்கள். இந்த மருந்தில் போன மீனை யாரும் சாப்பிடக்கூடாது, பறவைக்கோ விலங்குக்கோ போடவும் கூடாது.

வால் கவை வரை நீளத்தை மில்லிமீட்டரிலும், எடையை 0.1 கிராம் துல்லியத்திலும் குறியுங்கள். பிறகு வால் தண்டை வெட்டி, ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் பூசிய நுண்குழாயில் ரத்தம் பிடியுங்கள். 20 கிராம் மீனில் இரண்டு மூன்று குழாய் நிறையும். குழாய்களைப் பனிக்கட்டி மேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி, தெளிந்த பிளாஸ்மாவை மட்டும் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். தேட வேண்டியது 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை. எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை முறையில் அளக்கலாம். அளப்பதற்கு முன், நீர்த்த பிளாஸ்மாவைச் சூடாக்கி, ஹார்மோனைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதங்களைச் செயலிழக்கச் செய்யவேண்டும். இந்தப் படியை விட்டால் அளவு தவறாகக் காட்டும்.

அடுத்து வயிற்றைத் திறந்து ஆணா பெண்ணா என்று பாருங்கள். சினைப்பை வயிற்றறையின் முன்பகுதியில் மட்டும் குட்டையாக, மணல் போலச் சொரசொரப்பாக இருக்கும். விரை மெல்லிய நூலாக முன்னிருந்து பின்துளை வரை நீண்டு ஓடும். இரண்டு விரைகளையும் முன்முனையில் இடுக்கியால் பிடித்து, மெதுவாகப் பின்னோக்கி உரித்தெடுங்கள். வடிகாகிதத்தில் ஒற்றி, உடனே மில்லிகிராம் தராசில் வையுங்கள். நூல் அளவுதான் என்பதால் இரண்டு நிமிடம் வெளியே கிடந்தாலே உலர்ந்து எடை இறங்கும். ஒட்டிவரும் கொழுப்பும் சவ்வும் இதைவிடப் பெரிய தொல்லை. 20 கிராம் மீனில் முதிராத விரை சில மில்லிகிராம்தான் இருக்கும், அதனுடன் 5 மில்லிகிராம் கொழுப்பு ஒட்டினாலே விடை முழுக்க மாறிவிடும். பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சுத்தம் செய்துவிட்டு நிறுங்கள்.

விரை எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் விரை விகிதம் கிடைக்கும். 25 கிராம் மீனில் 25 மில்லிகிராம் விரை என்றால் 0.1 சதவீதம். ஆனால் வேறொரு பொரிப்பகம் பயன்படுத்திய எல்லை எண்ணை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். உங்கள் ஆண்களின் எண்களை மடக்கை அளவில் வரைபடமாகப் போடுங்கள். இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும். அந்தப் பள்ளம்தான் உங்கள் எல்லை. ஹார்மோனில் பள்ளம் சீக்கிரமே தெளிவாகத் தெரியும். விரை விகிதத்தில் மார்ச்சில் மங்கலாகவும், ஏப்ரல் கடைசியில் தெளிவாகவும் இருக்கும். பள்ளமே தெரியவில்லை என்றால் நீங்கள் எடுத்த நேரம் முந்திவிட்டது.

ஆய்வக வசதி இல்லாதவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. விடும் நாளில் தற்செயலாக எடுத்த 300 மீனைத் தனித் தொட்டியில் ஜூலை கடைசி வரை வைத்திருங்கள். அப்போது விரை வெள்ளையாக, தடித்து, வெறும் கண்ணுக்கே தெரியும். இடைப்பட்ட காலத்தில் வழக்கமான தீவனம் கொடுங்கள். பட்டினி போட்டால் முதிர்வு பாதியில் நின்று, வீதம் குறைந்ததுபோலத் தோன்றும். இறந்த மீன்களையும் அறுத்துப் பார்த்துக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

முக்கியமான ஒன்று, வீதத்தை ஆண்களில் எத்தனை என்றே சொல்லவேண்டும். 300 மீனில் 148 ஆண், அதில் 59 முதிர்கிறது என்றால் வீதம் 40 சதவீதம். மொத்த மீனில் 20 சதவீதம் என்று எழுதினால், படிப்பவர் பாதிச் சிக்கலைத்தான் பார்ப்பார். 5,00,000 குஞ்சு விடும் பொரிப்பகத்தில் 40 சதவீதம் என்பது 1,00,000 மினிஜாக்.

திரும்பிய மீனை வைத்துச் சரிபார்ப்பது

இன்னொரு சான்று ஆற்றிலேயே கிடைக்கிறது. கொலம்பியா படுகையில் லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு பிட் டேக் என்ற 12 மில்லிமீட்டர் அடையாளச் சில்லை உடலுக்குள் பொருத்துகிறார்கள். அணைகளின் மீன் ஏணிகளில் உள்ள உணர்கருவிகள் அவற்றைப் படித்து, படுகை முழுவதுக்குமான பிடேஜிஸ் தரவுத்தளத்துக்கு அனுப்பும். 2022 இளவேனிலில் விட்ட மீன், 2022 கோடையிலேயே பானவில் அணை அல்லது மெக்னரி அணையின் ஏணியில் மேல்நோக்கி ஏறுவதாகப் பதிவானால் அது மினிஜாக். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கீழே போய்விட்டு, கடல் வாசலுக்கு முன்பே திரும்பிய மீன்கள் இவை. பெக்மனும் லார்சனும் 2005இல் இதைத்தான் விரிவாகக் காட்டினார்கள். ஆனால் ஏணியில் பதிவானவற்றை மட்டும் எண்ணி வீதம் கணக்கிடாதீர்கள். பொரிப்பகத்துக்குப் பக்கத்திலேயே தங்கியவையும், வழியில் செத்தவையும் அதில் வராது.

இந்தப் பதிவுகளைப் பிரிக்காவிட்டால் உயிர்தப்பும் வீதமே பொய்யாகும். ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு கூட்டம், ஒவ்வொன்றிலும் 1,00,000 குஞ்சு, பாதி ஆண். முதல் கூட்டத்தில் ஆண்களில் 50 சதவீதம் மினிஜாக், இரண்டாவதில் 10 சதவீதம். கடலுக்கு உண்மையில் போனவை 75,000, 95,000. இரண்டிலும் சரியாக 1 சதவீதம் திரும்புகிறது என்று வைத்தால் 750, 950. மினிஜாக் கணக்கு தெரியாதவர், இரண்டாவது கூட்டம் கடலில் நான்கில் ஒரு பங்கு மேலாகப் பிழைத்தது என்று எழுதுவார். கடலில் ஒரு வித்தியாசமும் இல்லை. திரும்பிய பெண் மீன் இரண்டிலும் 500. ஆண் மட்டும் 250, 450. அதனால் யாக்கிமா ஆற்றின் ரோசா அணை போன்ற இடங்களில் திரும்பும் மீனை ஆண் பெண் பிரித்து எண்ணுவதை விடக்கூடாது. பெண் எண்ணிக்கை நன்றாக இருந்து, ஆண் மட்டும் விழுந்திருந்தால், காரணத்தைக் கடலில் தேடுமுன் உங்கள் தீவனப் பதிவேட்டைப் புரட்டுங்கள்.

ஆற்று மீனுக்கு என்ன ஆகிறது

மூன்று வழியில் பாதிப்பு வருகிறது. பெருக்கவேண்டிய இனத்துக்குத் திரும்பவேண்டிய பெரிய ஆண்கள் குறைவது முதல் பாதிப்பு, மேலே பார்த்தோம். கோடை முழுவதும் ஆற்றில் தங்கும் மினிஜாக், அங்கேயே பிறந்த குஞ்சுகளோடு ஒரே பூச்சிக்கும் ஒரே ஒதுங்கிடத்துக்கும் போட்டியிடுவது இரண்டாவது. உடம்பில் பெரியது என்பதால் நல்ல இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது முட்டையிடும் இடத்தில் நடக்கிறது. பெண் மீன் சரளைக்கல்லில் பள்ளம் பறித்து, பெரிய ஆணோடு நிற்கும். மினிஜாக் பக்கத்துக் கல்லின் பின்னால் அசையாமல் காத்திருக்கும். முட்டையும் விந்தும் வெளிவரும் அந்த ஓரிரு நொடியில் உள்ளே பாய்ந்து தன் விந்தையும் விட்டுவிடும். க்ளீ எலமில் செயற்கை ஓடை அமைத்து, மரபணு வழியே தந்தையைக் கண்டறிந்த ஆய்வில், பெரும்பாலான குஞ்சுகளுக்குப் பெரிய ஆண்களே தந்தை. ஆனாலும் சிறு ஆண்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஒவ்வொன்றின் வெற்றி குறைவு, ஆனால் எண்ணிக்கை பெரிது. பெரிய ஆண்கள் அருகிப்போன ஆற்றில் அந்தப் பங்கு கூடும்.

இங்கே நிதானமும் வேண்டும். விட்ட 1,00,000 மினிஜாக்கும் முட்டைப் பள்ளத்துக்கு வந்து நிற்பதில்லை. யாக்கிமாவில் டாட் பியர்சன்ஸ் குழு நீரில் மூழ்கி எண்ணி 2009இல் வெளியிட்டதன்படி, முதிர்ந்த பொரிப்பக மினிஜாக்குகளில் பல முட்டையிடும் பகுதிக்குக் கீழே உள்ள ஆற்றிலேயே இருந்தன, முட்டையிடும் இடத்தில் கண்டவை குறைவு. ஆகவே உங்கள் ஆற்றில் என்ன நிலை என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

பார்ப்பதற்குச் செப்டம்பர் நடு. இருவர் முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டி, கீழிருந்து மேல்நோக்கி மெதுவாக நகருங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால், பின்னால் வருபவரைக் கடைசியில்தான் கவனிக்கும். பள்ளத்தின் ஓரத்திலும் பின்புறத்திலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரையுள்ள, பொன்னிறம் கலந்த கருமையான மீனைத் தேடுங்கள். முதுகின் பின்புறம் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பக மீன். சரளையில் கால் ஊன்றவே கூடாது. ஒரு காலடியில் நூற்றுக்கணக்கான முட்டை நசுங்கும். அணையின் பொறியையோ இறந்த மீன் கணக்கெடுப்பையோ மட்டும் நம்பினால் மினிஜாக் கண்ணில் படாது. பொறியின் கம்பிகளுக்கு இடையே நுழைந்து போய்விடும், செத்தால் சிறு உடம்பு இரண்டு நாளில் காணாமல் போகும்.

தந்தைமையை உறுதிசெய்ய மரபணுக் கணக்கு வேண்டும். வெனாச்சி ஆற்றின் டம்வாட்டர் அணை போல, மேலே போகும் எல்லாப் பெரிய மீனையும் பிடித்து ஒரு துண்டு துடுப்பு எடுக்க வசதியான இடம் தேவை. அடுத்த ஆண்டு அந்த ஆற்றுக் குஞ்சுகளிலும் துடுப்புத் துண்டு எடுத்து எத்தனாலில் வையுங்கள். தந்தை கிடைக்காத குஞ்சுகள் எல்லாம் மினிஜாக்கின் பிள்ளைகள் என்று எழுதிவிடாதீர்கள், அணையில் தப்பிய பெரிய ஆணும் தந்தையாக இருக்கலாம். அதனால் தாய் கிடைக்காத வீதத்தைக் கழிக்கவேண்டும். தாய் 4 சதவீதத்துக்கும் தந்தை 11 சதவீதத்துக்கும் கிடைக்கவில்லை என்றால், சிறு ஆண்களின் பங்கு ஏறக்குறைய 7 சதவீதம். அது பொரிப்பகத்ததா ஆற்றுடையதா என்று அறிய, பொரிப்பகத்தில் முட்டை எடுத்த பெற்றோரின் மரபணுவும் கையில் இருக்கவேண்டும். தாத்தா பாட்டி வழியில் பொருத்திப் பார்க்கலாம்.

இந்தப் பங்கைப் பொரிப்பகச் செல்வாக்குக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. முட்டையிடும் மீனில் பொரிப்பகத்தில் பிறந்தவை எத்தனை என்பதைப் பெரிய உடல்களை எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள். 7 சதவீதக் குஞ்சுக்குப் பொரிப்பக மினிஜாக் தந்தை என்றால், 3.5 சதவீத மரபு கணக்கில் வராமல் ஆற்றுக்குள் போகிறது. ஆண்டுதோறும் போகிறது. அழியும் நிலையில் உள்ளதாக 1999இல் பட்டியலிடப்பட்ட மேல் கொலம்பியா வசந்தகால சினூக் போன்ற சிறிய கூட்டத்தில் இதைப் புறக்கணிக்கக்கூடாது.

குறைப்பது எப்படி

முதிர்வதா வேண்டாமா என்பதை ஆண் குஞ்சு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே, முதல் இலையுதிர்காலத்தில் தீர்மானிக்கத் தொடங்குகிறது. அப்போது உடம்பின் அளவு, வளரும் வேகம், சேர்த்த கொழுப்பு மூன்றும் ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால் விரை விழித்துக்கொள்ளும். ஆற்றில் பிறந்த குஞ்சு இலையுதிர்காலத்தில் சிறியதாக இருந்து, குளிரில் மெலிந்து, இளவேனிலில் வேகமாக வளர்ந்து கடலுக்குப் போகும். பொரிப்பகத்தில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும், தீவனம் தாராளமாக இருக்கும், அக்டோபரிலேயே குஞ்சு கொழுத்திருக்கும். கோளாறின் வேர் இங்கேதான். பிப்ரவரியில் தீவனத்தைக் குறைத்தால் பெரிய பயன் இல்லை.

ஆகவே வளர்ச்சித் திட்டத்தை முந்தைய ஜூலையிலேயே போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு பாதை: ஜூலை நடுவில் 5 கிராம், அக்டோபர் நடுவில் 10, பிப்ரவரி நடுவில் 13, ஏப்ரல் நடுவில் 20. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரு எடைகளின் இயல் மடக்கை வித்தியாசத்தை நாள் எண்ணிக்கையால் வகுத்தால் தினசரி வளர்ச்சி வீதம் வரும். முதல் கட்டம் நாளுக்கு 0.75 சதவீதம், குளிர்காலம் 0.21, கடைசி இரண்டு மாதம் 0.73. ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ வளர்ச்சி என்று எடுத்தால், உடல் எடையில் அதே சதவீதம் தீவனம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து அளவைத் திருத்துங்கள். உங்கள் நீர் வெப்பத்துக்கு ஏற்ப இந்தப் பாதை மாறும்.

தீவனத்தைக் குறைக்கும்போது நடக்கும் பெரிய பிழை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. முரட்டு மீன்கள் முழுவதையும் வாரிக்கொள்ளும். சராசரி இறங்கும், ஆனால் மேல்முனையில் உள்ள பெரிய ஆண்கள் அப்படியே முதிரும். பதிலாக வாரத்தில் மூன்று நாள், தொட்டியின் நீளம் முழுவதும் தூவி, எல்லாம் வயிறார உண்ணும்படி கொடுங்கள்; மற்ற நாள் முழுக்க நிறுத்துங்கள். நீளத்தின் மாறுபாட்டுக் கெழுவை, அதாவது திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதை, மாதம் ஒருமுறை பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டி ஏறினாலோ, முதுகுத் துடுப்புகள் கடிபட்டிருந்தாலோ பங்கீடு சரியில்லை.

கொழுப்பைக் குறைத்த தீவனம் உதவும். வழக்கமான தீவனத்தில் 18 முதல் 22 சதவீதம் கொழுப்பு இருந்தால், இலையுதிர்காலத்தில் 12 சதவீதத்தை ஒட்டிய தீவனத்துக்கு மாறலாம். ஆனால் கொழுப்பை மட்டும் குறைத்துவிட்டு வளர்ச்சியை அப்படியே ஓடவிட்டால் பலன் சொற்பம். இரண்டும் சேரவேண்டும்.

குளிரூட்டி உள்ள இடங்களில் இன்னும் நல்ல வழி, குஞ்சு தீவனம் எடுக்கும் நாளையே தள்ளிப்போடுவது. முட்டையில் கண்புள்ளி தெரிந்த பிறகு நீரை 4 அல்லது 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 8 டிகிரியில் ஜனவரியில் வெளிவரவேண்டிய குஞ்சு மார்ச் வாக்கில் வெளிவரும். இலையுதிர்காலத்துக்குள் தானாகவே சிறியதாக இருக்கும், பட்டினி போடவேண்டிய தேவையும் குறையும். கண்புள்ளிக்கு முன்பே கடுமையாகக் குளிர்விக்காதீர்கள், முட்டை அழுகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மிகச் சிறிய குஞ்சு ஆற்றுப் பயணத்தில் அதிகம் சாகும். மினிஜாக்கைப் பூஜ்யமாக்க நினைத்து 10 கிராம் குஞ்சை விட்டால், பெண் மீனையும் சேர்த்து இழப்பீர்கள். ஆற்றில் இயல்பாக உள்ள பங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும். பிப்ரவரிக்குப் பின் வளர்ச்சியை வேகப்படுத்தி, விடும் நாளில் அளவை ஓரளவு மீட்டுக்கொள்ளுங்கள்.

தாய் தந்தை மீன் தேர்வு பற்றி உறுதியாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஆற்றில் பிறந்த மீனிடம் முட்டை எடுக்கும் பொரிப்பகங்களில் மினிஜாக் வீதம் அதிகமாகவும், தலைமுறை தலைமுறையாகப் பொரிப்பக மீனையே வைத்து ஓட்டும் இடங்களில் குறைவாகவும் இருப்பது தெரிந்திருக்கிறது. பிந்தைய இடங்களில் மினிஜாக் ஒருபோதும் தந்தையாவதில்லை, அதனால் முதிரும் வரம்பே மெல்ல உயர்ந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு ஆற்று மீனை நிறுத்தினால் வீதம் குறையும்தான். ஆனால் நீங்கள் காப்பாற்ற வந்த இனத்தின் இயல்பையே மாற்றிவிட்டிருப்பீர்கள். வீதத்தைத் தீவனத்தாலும் நீரின் வெப்பத்தாலும் குறையுங்கள், தேர்வால் குறைக்காதீர்கள்.

விடும் நாளில்

மாதிரி எடுத்து முடித்த பிறகு கதவைத் திறந்து, மீன் தானாகப் போகவிடுங்கள். மே நடுவில் தொட்டியில் மிச்சம் கிடப்பதை ஒரே தள்ளாக ஆற்றில் கொட்டுவது பழைய பழக்கம். அதற்கு முன் அந்த மிச்சத்தில் 60 மீனை அறுத்துப் பாருங்கள். ஆண் பெண் விகிதமே முதல் அடையாளம் தரும். 60இல் 45 ஆண், அவற்றில் பெரும்பாலானவை தடித்த விரையோடு இருந்தால், அந்தத் தொட்டியை ஆற்றில் விடவேண்டாம். மாநில மீன்வளத் துறையின் அனுமதியோடு, ஆற்றோடு தொடர்பில்லாத ஏரிக்கு மாற்றலாம். வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முயலவேண்டாம். உடற்கட்டு எண் (கிராம் எடையை, சென்டிமீட்டர் நீளத்தின் மும்மடியால் வகுத்து நூறால் பெருக்கியது) ஓரளவு சாடை காட்டும். 140 மில்லிமீட்டரில் 32 கிராம் என்றால் 1.17, கடலுக்குப் போகும் குஞ்சு அநேகமாக 1.0ஐ ஒட்டி இருக்கும். ஆனாலும் மேயில் தனி மீன் ஒவ்வொன்றையும் அதை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது.

ஆண்டறிக்கையில் எழுதவேண்டியவை: பார்த்த ஆண்களின் எண்ணிக்கை, முதிர்ந்தவை எத்தனை, எந்தத் தேதி, எந்த அளவீடு, எல்லை எண், அக்டோபர் எடை, விடும் எடை, தீவனக் கொழுப்பு, குஞ்சு வெளிவந்த தேதி, பெற்றோர் ஆற்றில் பிறந்தவையா பொரிப்பகத்தில் பிறந்தவையா என்பது. மைக்ரோஜாக்குக்குத் தனி வரி வையுங்கள். முந்தைய செப்டம்பரில் துடுப்பு வெட்டும்போது வயிற்றை அழுத்தினால் விந்து வந்தவற்றைக் குறித்திருந்தால் போதும். அவற்றில் சில பிழைத்து மறுபடி முதிரும் என்பதால், அடுத்த ஏப்ரல் கணக்கைப் படிக்கும்போது அந்த வரி தேவைப்படும்.